நோயாளி எழுதும் நோய்வரலாறு: நாள்பட்ட வலியும் கைபேசியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்கள் தங்கள் உடம்பின் கதையை மருத்துவரிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், அதற்குக் கைபேசி என்ன துணை செய்ய முடியும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். நான் இயன்முறை மருத்துவர். எங்களிடம் வருகிறவர்கள் அரைமணி, முக்கால் மணி நேரம் இருப்பார்கள். தோளைப் பிடித்துவிட்டுக் கையை மடக்கி நீட்டும்போதுதான் பலருக்குப் பேச்சே வரும். மருத்துவர் அறையில் விட்டுப்போனதெல்லாம் அப்போது வெளியே வரும். அவற்றில் பல, சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய செய்திகள். உரிய இடத்துக்கு, உரிய நேரத்தில் அவை போய்ச் சேரவில்லையே என்ற ஆதங்கம்தான் இந்த உரைக்குக் காரணம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அதற்கு முறையான தனிக் குறியீடுகள் கிடைத்தன. அதுவரை பெரும்பாலும் வேறொரு நோயின் அறிகுறியாகவே அது ஏட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2016இல் அந்நாட்டுப் பெரியவர்களில் 20.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு, நாள்பட்ட வலி இருந்தது. அது ஒரு பணக்கார நாட்டின் கணக்கு. செங்கல் சூளையிலும் தறிக்கூடத்திலும் நாற்று வயலிலும் முதுகு தேய்ந்தவர்களின் கணக்கை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வலி இவ்வளவு என்று காட்ட ஒரு பரிசோதனையும் இல்லை. ஸ்கேனில் எலும்புத் தேய்மானம் தெரிகிற பலருக்கு வலியே இருப்பதில்லை. வலியில் துடிக்கிற பலருடைய ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இல் தான் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளில் சேர்த்தது. ஆகவே வலியில் நோயாளியின் வாய்மொழிதான் முதல் சான்று. எந்தச் செயலியானாலும் அதன் வேலை அந்த வாய்மொழியைச் சிதையாமல் மருத்துவரிடம் சேர்ப்பது. இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் எல்லாக் கருவிகளையும் நான் பார்க்கிறேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைத்தவர், நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் தொடங்கி வலது தோள், முழங்கை வழியாக விரல் நுனிவரை இறங்குகிற வலி. ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். எக்ஸ்ரே படங்கள் இருந்தன. நாலாக மடித்த எம்ஆர்ஐ படம் ஒன்று இருந்தது. மடிப்புக் கோடு சரியாகக் கழுத்தெலும்பின்மேல் விழுந்திருந்தது. மூன்று ஊர்களின் ஓபி சீட்டுகள் ஒரே பின்னில் குத்தப்பட்டிருந்தன, தேதி வரிசை இல்லாமல். அடியில் ஒரு கட்டு மருந்துக்கடை பில். அவை வெப்பத்தால் அச்சாகும் தாளில் வந்தவை. எழுத்து முழுக்க மங்கிப்போய் வெறும் வெள்ளைத் தாள்களாக இருந்தன. அவர் என்னென்ன மாத்திரை, எத்தனை மாதம் விழுங்கினார் என்ற விவரம் அந்த வெள்ளைத் தாள்களில்தான் இருந்தது.

எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டேன். "எப்பன்னு கேட்டா என்னங்க சொல்றது? சின்னவ பள்ளிக்கூடம் சேந்த வருசத்துல இருந்துங்க" என்றார். அது சரியான பதில். பள்ளியில் சேர்ந்த ஆண்டைக் கேட்டால் காலம் தெரிந்துவிடும். ஆனால் நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில், அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. அவருடைய சீட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு காலம் எழுதியிருந்தது.

நேரமில்லை என்பது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் வங்காளதேசத்தில் 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம் என்று சொன்னது. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984இல் கவனித்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். அப்படியானால் விட்டால் மணிக்கணக்காகப் பேசுவார்களோ? சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் தாமாகப் பேசி முடிக்கச் சராசரியாக 92 நொடி போதுமாக இருந்தது. 2002இல் வெளியான முடிவு இது. எவ்வளவு நெரிசலிலும் அந்த ஒன்றரை நிமிடத்தைக் கொடுக்க ஒவ்வொரு மருத்துவமனையும் முயல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பேசவிட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. அது நினைவு. ரெடெல்மையர், கானெமன் இருவரும் 1996இல், பெருங்குடலைக் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு ஆளானவர்களிடம் வலியைக் கணத்துக்குக் கணம் கேட்டுக் குறித்தார்கள். பிறகு மொத்தமாக எப்படி இருந்தது என்று கேட்டார்கள். உச்சத்தில் எவ்வளவு வலித்தது, கடைசியில் எவ்வளவு வலித்தது என்ற இரண்டும்தான் நினைவில் தங்கியிருந்தன. வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறத்தாழ மறந்தே போயிருந்தது. போன மாதம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் போன மாதத்தின் மிக மோசமான நாளும் இன்று காலையும்தான் பதிலாக வரும்.

அதற்காகத்தான் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். அந்த நாட்குறிப்பின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்தர் ஸ்டோன் என்ற உளவியலாளரும் உடன்பணியாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. நாள்பட்ட வலியுள்ள 80 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குக் காகித நாட்குறிப்பு. மீதிப் பேருக்குக் கையடக்க மின்னணுக் கருவி. மூன்று வாரம், நாளுக்கு மூன்று வேளை பதிய வேண்டும். காகிதக் குறிப்பேட்டின் அட்டைக்குள், ஏடு எப்போது திறக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் ஒளி உணரி ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள். காகிதத்தில் எழுதியவர்கள், 90 சதவீதப் பதிவுகளைக் குறித்த நேரத்திலேயே எழுதியதாகக் காட்டியிருந்தார்கள். உணரி சொன்ன கணக்கோ 11 சதவீதம். ஏட்டைத் திறக்கவே திறக்காத நாள்களுக்கும் பதிவுகள் இருந்தன. மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியவர்கள் இருந்தார்கள். நேரமானதும் ஒலியெழுப்பி நினைவூட்டிய, கடந்த நேரத்துக்குப் பின்தேதியிட்டு எழுத இடம் தராத மின்னணுக் கருவியில் 94 சதவீதம் உண்மையாகவே உரிய நேரத்தில் பதிவாகியிருந்தது.

இதைச் சொல்லி நோயாளிகள் பொய்யர்கள் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வருத்தம் தருகிறது. வலியில் கிடக்கிறவர் ஏட்டை எடுத்து எழுதவில்லை; மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் பிறகு நிரப்பினார். பள்ளிப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதுபோல அவரை எழுதவைத்தது நாம்தான். கருவியின் பெருமை, எழுதுகிற பாரத்தைக் குறைத்ததில் இருக்கிறது.

அதே திருப்பூர் அம்மாவின் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் படமெடுத்துத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கினாள். தனியாகச் செயலி எதுவும் போடவில்லை. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறதல்லவா, அதில் அம்மா தினமும் ராத்திரி படுக்கும் முன் அரை நிமிடம் பேசிப் பதிந்தார். இன்று என்ன வேலை, எங்கே வலித்தது, என்ன மாத்திரை. மாத்திரை அட்டையையும் படமெடுக்கச் சொன்னேன். நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். அதனால் முழு அட்டையைக் கேட்டு வாங்கச் சொன்னேன்.

சில வாரப் படங்களைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஒரு மருத்துவர் எழுதியது ஒரு பிராண்டு, இன்னொருவர் எழுதியது வேறு பிராண்டு. இரண்டிலும் இருந்தது டைக்ளோஃபெனாக் என்ற ஒரே வலி மருந்து. அம்மா இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். படங்களைப் பார்த்த எலும்பு மருத்துவர் ஒன்றை உடனே நிறுத்தினார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிரியேட்டினின் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இத்தகைய வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பது இங்கிருக்கும் மருத்துவ மாணவர்களுக்குத் தெரியும். குரல் பதிவுகளிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. ஓவர்டைம் பார்த்த நாளின் மறுநாள்தான் விரல் மரத்துப்போனது. ஸ்கேன் படம் இதைச் சொல்லியிருக்காது.

தலைவலிக்காரர்கள் விஷயத்தில் இந்த மாத்திரைக் கணக்கு இன்னும் முக்கியம். ஒற்றைத் தலைவலி போன்ற தொல்லை உள்ளவர்கள் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வர ஆரம்பிக்கலாம். சில கூட்டு மருந்துகளுக்கு மாதம் 10 நாளே போதும். 15 நாள் என்பது நினைவில் நிற்கிற எண்ணிக்கை இல்லை. "எப்பவாவது ஒண்ணு போடுவேன்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், மனமறிந்து பொய் சொல்லாமலே. சிங்கப்பூரில் உருவான மைக்ரேன் பட்டி போன்ற செயலிகள் தலைவலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் அருகருகே காட்டும்போது நோயாளிக்கே முதலில் புரிந்துவிடுகிறது.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பூஜ்யத்திலிருந்து 10 வரை வலிக்கு ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்பது பல செயலிகளில் இருக்கிறது. வசதியான கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாக அளந்து எழுத வேண்டும் என்ற இயக்கம் கிளம்பியது. நோக்கம் நல்லது. நடந்ததோ, அந்த எண்ணைக் குறைப்பதே சிகிச்சை என்றாகி, அபின் வகை மருந்துகள் கணக்கில்லாமல் எழுதப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாகிப்போனது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்தக் கருத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது. ஒற்றை எண்ணை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வலி வினாநிரலில் எண்ணைவிடச் சொற்களுக்குத்தான் இடம் அதிகம். 78 சொற்களை 20 குழுக்களாக வைத்தார். நோயாளி தன் வலிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கலாம். நம் மக்களிடம் இதற்குச் சொல் பஞ்சமே கிடையாது. குடைச்சல், குத்தல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுருக்கென்று பாய்வது, மதமதப்பு என்று எவ்வளவோ இருக்கின்றன. எரிச்சலும் மின்னல்போல் பாய்வதும் நரம்பு வலியைச் சுட்டக்கூடியவை. அதற்குத் தரும் மருந்தே வேறு. ஆகவே தமிழில் செயலி செய்கிறவர்கள் ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்க்காமல், புறநோயாளிப் பிரிவில் ஒரு மாதம் உட்கார்ந்து மக்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவு வேண்டும். விரலால் தொட்டுக் காட்ட ஓர் உடல் படம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வலி மருத்துவப் பிரிவில் உருவான குவயர் (CHOIR) என்னும் அமைப்பில் உடம்பின் முன்னும் பின்னுமாக 74 பகுதிகள் கொண்ட படம் இருக்கிறது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நோயாளி வலிக்கும் இடங்களைத் தொட்டுக் குறித்துவிடுகிறார். இந்த ஒன்றை மட்டும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில் வைத்தால்கூடப் போதும், எத்தனையோ பேருடைய நேரம் மிச்சமாகும்.

இப்படி வீட்டிலிருந்து வரும் செய்தி உயிரையே காக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர் 766 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2017இல் வெளியானது. வலி உள்ளிட்ட தொல்லைகளை இணையவழி தாங்களே பதிவுசெய்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 31.2 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 26 மாதம். ஒரு தொல்லை கடுமையானால் செவிலியருக்கு உடனே எச்சரிக்கை போகும்படி அங்கே ஏற்பாடு இருந்தது. பதிவைப் படிக்க மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. யாரும் திறந்து பார்க்காத செயலியில் நாள்தோறும் வலியை எழுதச் சொல்வது நோயாளிக்கு இன்னொரு சுமை. சிலருக்கு ஓயாமல் வலியையே கவனித்துக்கொண்டிருப்பதால் வலி கூடியதுபோலவும் தோன்றும். அப்படிப்பட்டவர்களிடம், இன்று என்ன வேலை செய்ய முடிந்தது என்று மட்டும் எழுதுங்கள் என்கிறேன்.

அவசர நேரத்திலும் நோயாளியின் குறிப்பு உதவும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் ரத்தச்சோகை உண்டு. அந்த நோயின் வலி திடீரென்று தாக்கும்போது பேசவே முடியாது. தெரியாத ஊரில், தெரியாத மருத்துவமனையில், தன் நோயின் பெயரையும் வழக்கமாகத் தனக்குக் கேட்கும் மருந்தையும் சொல்ல முடியாத நிலையில் இருக்கிற இளைஞருக்குக் கைபேசியில் ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். நாள்பட்ட வலியுள்ள எல்லாருக்கும் அந்த ஒரு பக்கம் வேண்டும் என்பது என் கருத்து. வலி தொடங்கிய காலம், இடம், இதுவரை பார்த்த சிகிச்சை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது எடுக்கும் மருந்து, வலியால் நின்றுபோன வேலை. அவ்வளவுதான். செயலிகள் தரும் இருபது பக்க அறிக்கைகளை மருத்துவர்கள் படிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தப் பக்கம் யாருடையது? நோயாளியுடையது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஃபிளோ என்ற மாதவிடாய்ச் செயலி பெண்களின் அந்தரங்கமான உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2021இல் குற்றஞ்சாட்டியது. அதே நாட்டில் நார்க்ஸ்கேர் என்னும் மென்பொருள் நோயாளியின் மருந்துச் சீட்டு வரலாற்றைக் கொண்டு மூன்று இலக்க மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் கூடினால் இவர் போதைக்கு அடிமையாகக்கூடும் என்ற சந்தேகம் மருத்துவருக்கு வருகிறது. நோயாளியைக் கேட்காமலே அவரைப் பற்றிப் பேசுகிற கருவி அது. அதை நோயாளிக்கான கருவியாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் நாட்டில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27இல் தொடங்கப்பட்டது. ஆபா என்ற 14 இலக்க எண்ணின்கீழ் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, மருத்துவமனை விடுப்புச் சுருக்கம் எல்லாம் நோயாளியின் ஒப்புதலோடு ஒன்றுசேர வழி பிறந்திருக்கிறது. வரவேற்கிறேன். மங்கிப்போன பில்களுக்கும் மடிந்த படங்களுக்கும் அது விடை. ஆனால் அவை பெரும்பாலும் மருத்துவமனையும் ஆய்வகமும் எழுதியவை. ஓவர்டைம் பார்த்த மறுநாள் விரல் மரத்துப்போனதை எந்த ஆய்வகமும் எழுதாது. நோயாளியின் சொந்தக் குறிப்புக்கும் அந்தக் கோப்பில் மதிப்புள்ள ஓர் இடம் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சேவையும் வீட்டுக்கே போகின்றன. அப்போது வலியைப் பற்றிக் கேட்பதற்கு, 2009இல் கிரெப்ஸ் குழுவினர் வகுத்த, உலகமெங்கும் புழங்குகிற மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடந்த ஒரு வாரத்தில் சராசரியாக எவ்வளவு வலித்தது? வாழ்க்கையை அனுபவிக்க வலி எவ்வளவு தடையாக இருந்தது? அன்றாட வேலைக்கு எவ்வளவு தடையாக இருந்தது? கேட்டுப் பதிய இரண்டு நிமிடம் ஆகாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து, தெரிந்த முகம், தெரிந்த மொழியில் கேட்டால் கிடைக்கும் பதில் மருத்துவமனை வரிசையில் கிடைக்காது.

இந்த மூன்று கேள்விகளையும், நோயாளி விரும்பினால் அரை நிமிடக் குரல் பதிவையும், தன்னார்வலர்களின் வீட்டுப் பதிவில் சேர்க்கும்படி மக்கள் நல்வாழ்வுத் துறையை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். ஒரு வட்டாரத்தில் முதலில் செய்து பாருங்கள். செயலி எழுதத் தெரிந்த பொறியியல் மாணவர்கள் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இயன்முறை மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும். இங்கிருக்கும் இளைஞர்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் மூட்டுவலி, இடுப்புவலி என்று நாளும் சொல்லிக்கொண்டிருக்கிற பாட்டியோ அப்பாவோ இருப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டு, அந்த ஒரு பக்கத்தை எழுதி அவருடைய கைபேசியில் போட்டுக் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதை முதலில் காட்டச் சொல்லுங்கள்.